ஏழேகால் இன்ச்

வேண்டாங்கண்ணா, பெட்டியை மேலே வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். கனம் ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கிறவர்கள் எல்லோரும் கட்டைவிரல் உயரம்தான். ஆனால் டிரைவர் ஒரு பிரேக் அடித்தால் கோடாலி ஒடிந்துபோகும். கோடாலி என்றதும் நகர்ந்து உட்காராதீர்கள். அதுவும் குண்டூசி நீளம்தான்.

உங்கள் கட்டைத்தான் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கொள்ளுங்கள், கால் வைக்க இடமில்லை. பாக்குமட்டைத் தட்டா? சதுரத் தட்டு. முந்நூறு இருக்குமா? காதுகுத்தா, பெருந்துறையிலா. நல்லது. நான் அவிநாசியில் இறங்கிவிடுவேன். அதுவரைக்கும் சமாளித்துக்கொள்ளலாம்.

பெட்டியில் என்ன என்று கேட்டீர்களே, நல்லவேளை கேட்டீர்கள். காந்திபுரத்தில் ஏறியதிலிருந்து யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. என் குரல் என் சட்டைக் காலரைத் தாண்டாது என்று இத்ரீஸ் சொல்வான். இத்ரீஸ் என் சிநேகிதன். சிநேகிதனாக இருந்தான், இன்று மதியம் ஒன்றே முக்கால் மணி வரைக்கும். இன்றோடு முடிந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், யார் மேல் தப்பு என்று. அவிநாசி வருவதற்குள் சொல்லிவிடுவேன்.

இதற்குள்ளே நூற்றிருபது போர்வீரர்கள் இருக்கிறார்கள். விளையாட்டுத்தான். நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஆடுகிறோம். காந்திபுரத்தில் ரெஜினா மிஸ் என்று கணக்கு டீச்சர், இரண்டாவது மாடியில் டியூஷன் சென்டர் வைத்திருக்கிறார். ஞாயிறு காலையிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் அந்த இடம் எங்களுக்கு. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேலே பிளைவுட் பலகை, அதற்கு மேல் பச்சைத் துணி. ஆறடிக்கு நாலடி. நடுவில் தெர்மாகோலில் ஒரு மேடு. இந்தப் பக்கம் என் படை, அந்தப் பக்கம் எதிராளி படை. மாற்றி மாற்றி நகர்த்த வேண்டும். ஐந்து சுற்று முடியும்போது மேட்டில் யாருடைய ஆட்கள் நிற்கிறார்களோ அவருக்கு ஜெயம். சொல்வதற்கு இவ்வளவுதான்.

மற்றவர்களிடம் துப்பாக்கி இருக்கிறது, பீரங்கி இருக்கிறது. ரெஜினா மிஸ்ஸிடம் நெருப்புத் துப்புகிற பல்லி இருக்கிறது. மொத்தப் படையே மூன்று பல்லிதான். ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு. மூன்று முறை கையைத் தூக்கி வைத்தால் அவருடைய முறை முடிந்தது. என் ஆட்களிடம் கோடாலி மட்டும்தான். நடந்துதான் போக வேண்டும், கிட்டே போய்த்தான் வெட்ட வேண்டும். கிட்டே போய்விட்டால் என் ஆட்களை யாராலும் தாங்க முடியாது. போய்விட்டால். போக வேண்டுமே. ஒரு சுற்றுக்கு ஆறு இன்ச் நடக்கலாம். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து சுட்டுச் சுட்டுப் பொறுக்கி எடுத்துவிடுவார்கள். கடைசியில் பாய்வதற்கு இரண்டு பகடை உருட்ட வேண்டும். இரண்டிலும் விழுவதைக் கூட்டினால் எத்தனையோ அத்தனை இன்ச் பாயலாம். ஒரு நூல் குறைந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். நின்றால் அடுத்த முறை அவன் சுடுவான். நானும் பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்த லீக்கில் ஏழு ஞாயிறு ஆடி, என் நூற்றிருபது கோடாலியும் சேர்ந்து மொத்தமாக இருபத்திரண்டு பேரைத்தான் வெட்டியிருக்கிறது. எண்ணி வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஏன் இந்தப் படை என்று நீங்களும் கேட்பீர்கள். இத்ரீஸும் அதைத்தான் கேட்டான். தூரத்தில் நின்று சுடுவது எனக்குப் பிடிக்காதண்ணா. எதுவாக இருந்தாலும் முகத்துக்கு நேரே போய்ப் பார்த்துவிட வேண்டும். அது என் சுபாவம்.

இத்ரீஸ் கோட்டைமேட்டில் பல் செட் செய்கிற லேப் வைத்திருக்கிறான். பாலிடெக்னிக்கில் என் பெஞ்சு. அவனிடம் த்ரீ-டி பிரிண்டர் இருக்கிறது. பல் அச்சு எடுக்கிற அதே பிசினில்தான் இவர்கள் நூற்றிருபது பேரையும் அடித்துக் கொடுத்தான். நாலு மாதம். பகலில் பல், வேலை முடிந்தபின் கோடாலிக்காரன். ஒரு முறை ஒரு டாக்டர் வந்து தட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் கடைவாய்ப்பல்லுக்கு மீசை முளைச்சிருக்குதே" என்றாராம். அவன் அடிக்க அடிக்க நான் வர்ணம் பூசினேன். நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் இருக்கிறேன். வெளிநாட்டுக்காரன் ஒரு துண்டுத் துணியை அனுப்பி இதே சிவப்பு வேண்டும் என்பான். அந்தச் சிவப்பை இம்மி பிசகாமல் கொண்டுவருவது என் வேலை. இவர்கள் நூற்றிருபது பேர் அங்கியும் ஒரே சிவப்பு. எந்த விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாலும் ஒரே சிவப்பு. அளவு என்றால் அளவு. அதில் விட்டுக்கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

முதல் ஞாயிறே தகராறு ஆரம்பித்துவிட்டது. ஆளுக்கு எழுபத்தைந்து நிமிஷம் என்று செஸ் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். மூன்று பல்லிக்கும் எழுபத்தைந்து நிமிஷம், நூற்றிருபது ஆளுக்கும் எழுபத்தைந்து நிமிஷம். இது என்ன நியாயம்? நான் ஒவ்வொருவனாக எடுத்து, அளந்து, முகம் திருப்பி வைக்க வேண்டும். நான் வைத்து முடிப்பதற்குள் ரெஜினா மிஸ் ஒரு கட்டு விடைத்தாள் திருத்திவிட்டார். தலையைத் தூக்காமலே சொல்கிறார், "மௌலி, உங்க ஆளுக வந்து சேர்றதுக்குள்ள என் பத்தாங்கிளாஸ் பசங்க காலேஜே முடிச்சிருவாங்க." எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது சுற்றிலேயே என் நேரம் தீர்ந்துபோனது. என் ஆட்கள் ஒருவனைக்கூடத் தொடவில்லை. நடந்தார்கள், செத்தார்கள்.

அடுத்த ஞாயிறு இத்ரீஸ் பன்னிரண்டு தட்டு வெட்டி எடுத்துக்கொண்டு வந்தான். மெல்லிய பிளாஸ்டிக் தகடு. ஒரு தட்டில் பத்துப் பேரை நிறுத்தினால், தட்டோடு நகர்த்திவிடலாம். பன்னிரண்டே நகர்த்தல். "மாப்ள, ரெண்டு நிமிசத்துல உன் முறை முடிஞ்சிரும்டா" என்கிறான்.

"இவங்க என்ன முட்டையாடா, தட்டுல வெச்சு நகர்த்த?" என்றேன்.

"முட்டையா இருந்தாலாவது குஞ்சு பொரிச்சிருக்கும். நீ அடை வெச்சுட்டு உக்காந்திருக்கிறே."

வாங்கி வைத்துக்கொண்டேன். இப்போது அதில் வர்ணப் புட்டிகளை அடுக்கியிருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. படைக்கு மட்டும் வேண்டாம் என்றேன். ஒவ்வொருவனும் நடக்கிற மாதிரி ஒரு கால் முன்னால் வைத்து நிற்கிறான். அவனைத் தட்டில் ஏற்றினால் அப்புறம் கால் எதற்கு? ஆனால் பாருங்கள், அவன் அதை மனதில் வைத்துக்கொண்டான் என்றுதான் நினைக்கிறேன். எல்லாம் அங்கேயிருந்துதான் வந்தது.

மூன்றாவது ஞாயிறு அவனோடுதான் எனக்கு ஆட்டம். அதைச் சொல்வதற்கு முன் எங்கள் இடத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் டேப் பிடித்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும் என்று ஒரு பேச்சு வைத்திருக்கிறார்கள். ஆளை நிறுத்தும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுவது. "இவன் உன் ஆளுக்குப் பத்து இன்ச்சுக்கு வெளியே நிக்கிறான், சரியா?" என்று கேட்க வேண்டும். எதிராளி சரி என்றால் சரி. அப்புறம் கை பட்டு நகர்ந்தாலும், துணி சுருங்கினாலும், சொன்னதுதான் அளவு. மிஸ் இதை ஆரம்பத்திலேயே கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார். நானும் பார்த்திருக்கிறேன். இல்லை என்று சொல்லவில்லை.

அன்று இத்ரீஸ் துப்பாக்கிக்காரர்களை நிறுத்திவிட்டுச் சொன்னான், "மௌலி, இவனுக எல்லாம் உனக்கு ஒம்பது இன்ச்சுக்கு வெளியே. சரியா?" நான் மூன்றாவது வரிசையை நகர்த்திக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன். எதற்கு ம் போட்டேன் என்று அப்போது எனக்கே தெரியாது. ம் என்றால் கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம். ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தமா? சொல்லுங்கள்.

என் முறை வந்தது. பகடை உருட்டினேன். நாலும் ஐந்தும். ஒன்பது. டேப்பை எடுத்து வைத்தேன். ஒன்பதுக்கு ஒரு நூல் உள்ளே நின்றார்கள் அண்ணா. ஒரே ஒரு நூல். நானா நகர்த்தினேன்? டேப் சொல்கிறது.

"வந்துட்டேன்" என்றேன்.

"ஒம்பதுக்கு வெளியேன்னு சொன்னேன், நீ ம்முன்னே" என்றான்.

"டேப்பைப் பாரு."

அவன் டேப்பைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். அப்புறம், "சரிடா" என்றான். நான் பாய்ந்தேன், வெட்டினேன். இருபத்திரண்டு பேர் என்று சொன்னேனே, அதில் பத்தொன்பது அன்று ஒரு நாள் வெட்டியது. லீக்கில் நான் ஜெயித்த ஒரே ஆட்டம். எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஒருவரும் கை கொடுக்கவில்லை. மிஸ் பலகையில் என் பெயரை எழுதிவிட்டு, "டேப் சொல்றது சரிதான்" என்றார். அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

வழக்கமாக ஆட்டம் முடிந்ததும் நானும் அவனும் சாப்பிடப் போவோம். அவனுக்குக் கொத்துப் பரோட்டா, எனக்கு முட்டை தோசை. அப்புறம் பைக்கில் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விடுவான். பெட்டி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும். அன்று, "லேப்ல வேலை இருக்குதுடா" என்றான். ஞாயிற்றுக்கிழமை யார் பல் கட்டுகிறார்கள்? அடுத்த ஞாயிறும் வேலை. அதற்கடுத்த ஞாயிறும் வேலை. ஐந்து வாரமாக நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் வருகிறேன்.

நான் சும்மா இருக்கவில்லை. என் பக்கத்து நியாயத்தை விளக்கி வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். எண் போட்டுப் பன்னிரண்டு செய்தி. டேப் எந்தக் கம்பெனி, துணி எவ்வளவு சுருங்கும், எல்லாம் எழுதினேன். அவன் ஒரு கட்டைவிரலைப் போட்டான். அவ்வளவுதான். போன் பண்ணினாயா என்றா கேட்கிறீர்கள்? போனில் என்ன பேசுவது? எழுதினால் எல்லோருக்கும் தெளிவாக இருக்கும் இல்லையா.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். என்னோடு ஆடுகிற யாரும் வாயைத் திறப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் டேப். மிஸ் டியூஷன் பலகைக்கு வைத்திருக்கிற பெரிய மரஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் ஒருவனை நகர்த்தினால் அளப்பது, அவர் பல்லியை நகர்த்தினால் அளப்பது. "அளந்துக்கலாங்க மௌலி, அதானே உங்களுக்குப் பிடிக்கும்" என்கிறார். மற்ற மேசைகளில் "ஏழு, சரியா", "சரி", "எட்டு, சரியா", "சரி" என்று பேச்சும் சிரிப்புமாக ஓடுகிறது. என் மேசையில் மட்டும் டேப் சுருளுகிற சத்தம். அளந்து அளந்தே என் எழுபத்தைந்து நிமிஷமும் போகும். எட்டுப் பேரில் எட்டாவது இடம். எல்லோரும் சேர்ந்து என்னை ஒதுக்கிவிட்டார்கள், ஒரு நூலுக்காக.

இப்போது இன்றைக்கு வருகிறேன். கருமத்தம்பட்டி இன்னும் வரவில்லையே? சரி.

கடைசி ஞாயிறு யாரோடு என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். மிஸ்தான் எடுத்தார். "மௌலி, இத்ரீஸ்" என்றார். சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார், யாரிடமும் காட்டவில்லை. அதில் என்ன எழுதியிருந்ததோ. எட்டுப் பேர் முன்னால் என்னை அவமானப்படுத்த வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டார்கள் என்று அப்போதே எனக்குப் பட்டது.

மேசைக்குப் போனேன். இத்ரீஸ் கையை வீசிக்கொண்டு நிற்கிறான்.

"டேப் எங்கே?" என்றேன்.

"மறந்துட்டேன்."

"டேப் இல்லாம எப்படி ஆடுறது?"

"நீ சொல்லு. நான் சரிங்கிறேன்."

இதைவிட ஒரு மனிதனை எப்படிக் குத்துவது? நான் என் டேப்பை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தேன், பதினாறடி டேப். அவன் அதைத் தொடவே இல்லை. நான் ஆறு இன்ச் என்றால் சரி என்கிறான். மறைவில் நிற்கிறான் என்றால் சரி என்கிறான். அவன் முறையில் அவனும் சொல்கிறான், "பதினெட்டு, சரியா?" நான் என்ன செய்வது, அளக்கப் போனால் எல்லோரும் பார்க்கிறார்கள். சரி என்றேன். சரி, சரி என்றே நாலாவது சுற்று வந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தால் என்னிடம் இன்னும் முப்பத்தொரு நிமிஷம் இருக்கிறது. ஜெயித்த அந்த ஒரு நாளைத் தவிர, லீக்கில் நான் நாலாவது சுற்றைப் பார்த்ததில்லை.

தொண்ணூறு பேர் செத்தாயிற்று. முப்பது பேர் பாக்கி. முன்னால் கொடிக்காரன். மேட்டின் மேல் அவனுடைய துப்பாக்கிக்காரர்கள் பத்துப் பேர். பாய்ந்துவிட்டால் மேடு எனக்கு.

கண்ணால் பார்த்துச் சொன்னேன், "ஏழு இன்ச். சரியா?"

"சரி."

எல்லோரும் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு எங்கள் மேசைக்கு வந்துவிட்டார்கள். பாய்ச்சலுக்கு முன்னால் மிஸ் எப்போதும் மேசையைப் படம் எடுப்பார், எடுத்தார். நான் பகடையை உருட்டினேன். மூன்று. இன்னொன்று சுற்றிச் சுற்றி நின்றது. நாலு.

ஏழு.

யாரோ என் தோளில் தட்டினார்கள். அப்போது என் கை தானாகப் போய் டேப்பை எடுத்தது. பழக்கம் அண்ணா. லேபில் சாயம் சரியாக வந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் மிஷினில் வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். டேப்பை இழுத்துக் கொடிக்காரன் காலடியிலிருந்து மேட்டுக்கு வைத்தேன்.

ஏழேகால்.

"ஏழேகால்" என்றேன். "வரலை."

"ஏழுன்னு சொன்னே. நான் சரின்னேன்" என்றான் இத்ரீஸ். "வந்தாச்சு. வெட்டு."

"டேப்பைப் பாருடா."

"டேப்பை உள்ளே வை மாப்ள. வெட்டு."

மாப்ள என்றான். ஐந்து வாரத்துக்கு அப்புறம். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டது என் காதுல விழுந்துச்சு" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. எல்லோரும் நான் வெட்டுவதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். இவன் யார் எனக்குக் கால் இன்ச் தர? நான் கேட்டேனா? எட்டுப் பேர் முன்னால் பெரிய மனுஷன் ஆகப் பார்க்கிறான். நான் அந்தக் கால் இன்ச்சை வாங்கிக்கொண்டால் அப்புறம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்த ஒரு நூல் என்ன ஆகிறது? அது என்னவாக ஆகிறது, சொல்லுங்கள்.

சரி, நீங்கள் சொல்ல வேண்டாம்.

"எனக்கு ஆட்டம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தை நிறுத்தினேன். கிளம்பிவிட்டேன். கிளம்பிவிட்டேன் என்றால், கோபத்தோடு கிளம்புவதற்குத் தோதான படை இல்லை இது. நூற்றிருபது பேரையும் எடுத்து வைக்க வேண்டும். ஸ்பாஞ்சில் ஒவ்வொருவனுக்கும் தனித்தனிக் குழி, கோடாலி ஒரு பக்கமாகப் பார்க்க வேண்டும். பல்லி வைத்திருப்பவர் என்றால் மூன்றைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போகலாம். நான் இருபது நிமிஷம் கோபமாக உட்கார்ந்து அடுக்கினேன்.

இத்ரீஸ் என்ன செய்தான் தெரியுமா? எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவனாக எடுத்துக் கொடுத்தான். கோடாலியில் கை படாமல், இடுப்பில் பிடித்து. எவன் எந்த வரிசை என்று எனக்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிகிறது. நான் வாங்கி வாங்கி வைத்தேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் பெட்டியை மூடிக்கொண்டு படி இறங்கிவிட்டேன். பின்னால் பைக் சாவிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், யார் மேல் தப்பு?

பெட்டியையே பார்க்கிறீர்களே? சரி, ஆளையாவது பாருங்கள். இதோ திறக்கிறேன், பஸ் நிற்கிற நேரம்தான். பார்த்தீர்களா சிவப்பை? இந்த வெயிலிலும் ஒரே சிவப்பு. இவன் தளபதி. இவன் கொம்பு ஊதுகிறவன். இவன் பக்கத்தில்தான் கொடிக்கா—

இருங்கள்.

குழி காலியாக இருக்கிறது. கீழே விழுந்ததா பாருங்கள், உங்கள் கட்டுக்குப் பின்னால். இல்லையா. இத்ரீஸ் கொடுத்ததைத்தானே நான் வாங்கி வைத்தேன், ஆத்திரத்தில் எண்ணிப் பார்க்கவில்லை. அப்படியென்றால் அவன் கொடுக்கவே இல்லை. எடுத்து வைத்துக்கொண்டான். பார்த்தீர்களா, இவனைப் போய் நான் இவ்வளவு நாள். அந்தக் கொடியை மட்டும் நான் பூச மூன்று ராத்திரி ஆனது.

போன் அடிக்கிறது, பெட்டியைக் கொஞ்சம் பிடியுங்கள். அவன்தான். நாலு மிஸ்டு கால் இருக்கிறது, நான் பார்க்கவில்லை. ஒரு படம் அனுப்பியிருக்கிறான்.

மேசை. கலைக்காமல் அப்படியே இருக்கிறது. மேட்டு மேல் கொடிக்காரன் நிற்கிறான், என் ஆட்களில் அவன் மட்டும். அவனுக்குப் பின்னால் துணியில் வட்டம் வட்டமாக, சாக்பீஸ். என் ஆட்கள் நின்ற இடமெல்லாம் வட்டம் போட்டிருக்கிறார்கள். மிஸ் எடுத்த படத்தைப் பார்த்துப் போட்டிருப்பார்கள். இருபத்தொன்பது வட்டம். பக்கத்தில் கடிகாரம், முப்பத்தொன்று காட்டுகிறது. கீழே எழுதியிருக்கிறான், "உன் முறை. அஞ்சு மணி வரைக்கும் யாரையும் தொட விடமாட்டேன்னு மிஸ் சொல்லிட்டாங்க."

கொஞ்சம் பெரிது பண்ணிப் பார்க்கிறேன். இதோ பாருங்கள், இந்த வட்டத்துக்கும் மேட்டுக்கும் நடுவில். உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இது நான் நிறுத்திய இடம் இல்லை. எல்லா வட்டத்தையும் கால் இன்ச் முன்னால் போட்டிருக்கிறான். எல்லாவற்றையும். கொடிக்காரன் கால் துப்பாக்கிக்காரன் மேல் முட்டிக்கொண்டு நிற்கிறது.

அளவு தப்பு. சுத்தமாக அளவு தப்பு.

இது எந்த இடம், கருமத்தம்பட்டியா? கண்டக்டர், ஒரு நிமிஷம், இறங்குகிறேன். ஆமாம், டிக்கெட் அவிநாசிக்குத்தான், பரவாயில்லை. அண்ணா, நான் கொடிக்காரனை வாங்கிக்கொண்டு வரத்தான் போகிறேன். வேறொன்றும் இல்லை. நூற்றிருபதில் ஒன்று குறைந்தால் பெட்டி பார்க்க நன்றாக இருக்காது. இப்போது மூன்றேகால். எதிர்ப்பக்கம் நின்றால் கோயம்புத்தூர் போகிற வண்டி ஏதாவது வரும், நாலரைக்குள் போய்விடலாம். ஐந்தாவது சுற்றுக்கு முப்பத்தொரு நிமிஷம் தாராளம். முப்பது பேர்தானே.

அண்ணா, ஒன்று கேட்டால் தப்பாக நினைக்காதீர்கள். அந்தக் கட்டிலிருந்து ஒரு மூன்று தட்டு கிடைக்குமா? பத்துப் பத்துப் பேர் நிற்பார்கள். விளிம்பைக் கத்தரித்துவிட்டால் போதும். சும்மா வேண்டாம், இதை வைத்துக்கொள்ளுங்கள். பதினாறடி டேப், நல்ல டேப். காதுகுத்துக்குப் பந்தல் போடுவீர்களே, அங்கே உதவும்.

இல்லையில்லை, எனக்கு இன்றைக்குத் தேவைப்படாது. பெட்டியை மட்டும் அடியில் பிடித்துக் கொடுங்கள். மெதுவாக.